மூன்று வரித் தாளும் சட்னி நோட்டும்

போன வாரம் முத்துலட்சுமி வாட்ஸப்பில் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தென்காசியில் குற்றாலம் ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் வார்டில் அவள் இப்போது நர்ஸ். அதே வார்டில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு அறுபது முடிந்ததும் வீட்டுக்கு வந்தவள் நான். “அக்கா, மருந்துப் பந்தோட வீட்டுக்குப் போறவங்களுக்குக் குடுப்போம்லா, அந்தத் தாளப் புதுசா அடிக்கப் போறோம். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்று கீழே எழுதியிருந்தாள்.

பழைய தாளில் மூன்று வரி. புதுசில் பதினெட்டு வரி. எண்ணினேன். சந்தேகம் வந்து இன்னொரு முறையும் எண்ணினேன். பதினெட்டுதான்.

போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் ஒன்றைச் சொல்ல வந்து ஒன்பதைச் சொல்லுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இலத்தூர்க்காரி. பேர் கோமதி. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆன பிறகு, முப்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைக்கிறேன் என்று மேஸ்திரி புகார் சொல்ல, அதைக் கேட்டுத்தான் லீலாம்மா சிஸ்டர் என்னைத் தன் வார்டுக்குக் கூட்டிக்கொண்டார். படுக்கை மாற்ற, நோயாளிக்குக் கை பிடிக்க, வாந்திச் சட்டி வைக்க, சொட்டு நின்றால் சிஸ்டரைக் கூப்பிட. இதுதான் வேலை.

என் சுபாவத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தவள். கேஸை அணைத்தோமா என்று நினைப்பு வந்து, தென்காசி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. வார்டில் எட்டு நாற்காலிகளிலும் சொட்டு விழுகிறதா என்று சுற்றிச் சுற்றி வருவேன். ஆய்க்குடிப் பக்கத்து ஆச்சி ஒருத்தி கேட்டாள்: “ஏட்டி, நீ எண்ணுனா அது சீக்கிரம் விழுமா? ஒக்காரு, எனக்குக் கிறுகிறுங்கு.”

சிஸ்டர் எனக்கு நேர்மாறு. செங்கோட்டை தாண்டிக் கேரளத்துப் புனலூர்ப் பக்கம் சொந்த ஊர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மருந்துப் பையைத் தொங்கவிடும் முன் அவர் செய்வதெல்லாம் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். பையின் சீட்டைச் சத்தமாக வாசிப்பார். நோயாளியின் விவரம் எழுதின அட்டையை எடுத்து ஒப்பிடுவார். பிறகு நோயாளியின் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டு “உங்க பேரு எந்தா?” என்று கேட்பார். மூன்று வருஷமாக வருகிற ஆளையும் கேட்பார். ஒருநாள் அவசரத்தில் நான் “இவங்கதான சிஸ்டர் சுப்பம்மா?” என்று எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: “மோளே, பயந்திருக்க ஆளு எதுக்கும் ஆமான்னு தலையாட்டும். அதோட வாயில இருந்து வரணும்.” எனக்கு அப்போது அது பேருக்கு மட்டும் உள்ள சட்டம் என்றுதான் தோன்றியது.

குடல் புற்றுநோய்க்காரர்கள் எங்களுக்கு நிறைய வந்தார்கள். நோய் ஈரலுக்கும் பரவின பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஏற்றுகிற மருந்து பெரும்பாலும் ஒன்றுதான், ஏற்றுகிற முறைதான் வேறு. பழைய முறையில் தொடர்ந்து ஐந்து நாள் வரவேண்டும். தினமும் நரம்பில் ஊசியாகக் கொஞ்ச நேரத்தில் போட்டு முடித்துவிடுவார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு மேல் ஓய்வு. இன்னொரு முறை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. முதலில் இரண்டு மணி நேரம் மஞ்சள் மருந்து, பிறகு ஒரு ஊசி, அதன் பிறகு இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக. அதற்கு வார்டிலேயே படுக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிற பெரிய டாக்டர், இரண்டு முறையையும் எங்கள் நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். ரத்தமும் ஸ்கேனும் பைலில் இருந்தன. வீட்டில் என்ன நடக்கிறது என்பது எந்தப் பைலிலும் இல்லை. ஒருநாள் என்னைப் பார்த்து, “நீதான் எல்லாத்தையும் பயந்து பயந்து பாக்கிற ஆளு. கேட்டு எழுதி வை கோமதி” என்றார்.

இந்த மருந்து ஏறினால் வாய் வெந்து புண்ணாகும். அந்த வாய்ப்புண்ணை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ‘கொஞ்சம்’ என்று ஒருத்தர் சொல்வதும் இன்னொருத்தர் சொல்வதும் ஒன்றா? யோசித்து யோசித்து, இட்லியாக எழுதினேன். காலையில் எத்தனை இட்லி? சட்னி உண்டா, இல்லையா? உறைப்புச் சட்னி நாக்கில் பட்டும் ஒருத்தர் சாப்பிடுகிறார் என்றால் அவர் வாய் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் அஞ்சு நாள்காரர்கள், வலப்பக்கம் ரெண்டு நாள்காரர்கள். நான்கைந்து மாதத்தில் பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும். இடப்பக்கத்தில் இரண்டாவது வாரம் வந்தால் ‘கஞ்சி’, ‘கஞ்சி’, ‘ஒன்றும் இல்லை’. வலப்பக்கத்தில் ‘ரெண்டு இட்லி, சட்னி இல்லை’, ‘மூணு இட்லி, தேங்காய்ச் சட்னி’. வலப்பக்கத்துக்காரர்கள் சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரிந்தது, அதையும் எழுதினேன். டாக்டர் சிரித்துக்கொண்டே அதற்குச் சட்னி நோட்டு என்று பேர் வைத்தார். சிரித்தாலும் ஒவ்வொரு வெள்ளியும் கேட்டு வாங்கிப் படிப்பார்.

வேலாயுதம் அண்ணாச்சி வந்தது அந்தச் சமயத்தில்தான். கீழப்பாவூர். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். தக்காளிப் பெட்டி, கத்தரிச் சிப்பம் எல்லாவற்றின் விலையும் அவர் வாயில் ஏறி அவர் வாயில் இறங்கும். வார்டில் சாதாரணமாகப் பேசினாலே வாசலில் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். முதல் நாள் சிஸ்டர் பேர் கேட்டதும், “கீழப்பாவூர் வேலாயுதம்! அம்பத்தாறு வயசு! எடுப்பார் உண்டா?” என்று ஒரு சத்தம் போட்டார். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியின் சம்சாரம் பொன்னுத்தாய் மயினி தலையில் அடித்துக்கொண்டாள். “வீட்டுலயும் இப்பிடித்தான். உப்புக் கூடிப்போச்சுன்னா தெருவுக்கே தெரியும்.”

அவருக்கு ஐந்து நாள் முறைதான் ஆரம்பித்தார்கள். தினமும் ஊசி போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய்விடலாம் என்று அவரே கேட்டார். இரண்டாவது சுற்று முடிந்த பத்தாம் நாள் மயினி பிடித்துக் கூட்டிவந்தாள். நாக்கு வெந்து, உதடு ஒட்டி, எச்சிலை விழுங்கக்கூட முடியவில்லை. தண்ணீர் ஏற்றினோம். கொஞ்சம் தெளிந்ததும் டாக்டரிடம் கையை ஆட்டினார், வேண்டாம் என்று. பேச முடிந்த அன்று மெதுவாகச் சொன்னார்: “டாக்டரே, சாகதுக்கு நான் பயப்படல. சத்தம் போயிட்டுன்னா சந்தைல நான் யாரு? நிறுத்திருங்க.”

டாக்டர் என் நோட்டை எடுத்து அவர் மடியில் விரித்தார். “அண்ணாச்சி, பொய் சொல்ல மாட்டேன். இது உங்க நோயை அடியோட எடுக்காது. நாள கூட்டும். ரெண்டு முறைக்கும் ஆயுசுல பெரிய வித்தியாசம் கெடையாது. வித்தியாசம் இதுலதான் இருக்கு, பாருங்க.” அண்ணாச்சி இரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஒன் எழுத்தா? கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஆனா வெவரமா இருக்கு” என்றார். இரண்டு நாள் வார்டில் படுக்க மாட்டேன், சந்தை போய்விடும் என்றார். அப்போதுதான் பந்து வந்திருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். நெஞ்சுத் தோலுக்கு அடியில் மருந்து ஏற்றச் சின்னதாக ஒரு வாய் வைத்துத் தைத்துவிடுவார்கள். பந்து என்பது மருந்து நிரப்பின ரப்பர்ப் பை. பால் புட்டி அளவு ஒரு கூட்டுக்குள் ஊதின பலூன் மாதிரி இருக்கும். கரண்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ரப்பர் சுருங்கச் சுருங்க, மருந்து குழாய் வழியாக நாற்பத்தாறு மணி நேரம் உள்ளே போகும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது குழாயின் நுனியில் இருக்கிற ஒரு சின்ன வில்லை. அதை நெஞ்சுத் தோலோடு ஒட்டிவிடுவோம். உடம்புச் சூட்டுக்குத் தக்கபடிதான் அதை அளந்து செய்திருக்கிறார்கள். பந்தை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு மனுஷன் நடமாடலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அண்ணாச்சிக்கு முதல் பந்து மாட்டினோம். வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கழற்ற வரவேண்டும். ஆனி மாசம், சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. முதல் தடவை என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று குற்றாலத்தில் மயினியின் தம்பி வீட்டில் தங்கினார்கள். சிஸ்டர் பந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை நிதானமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வாசல்வரை கூடப் போனேன். “மயினி, பந்து கீழ விழுந்துராம பாத்துக்கிடுங்க. நனையக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. வெயில்ல நிக்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. பூனை கீனை இருந்தா கிட்ட விடாதீங்க. அங்கன குளிர் சாஸ்தி. குளிர் பட்டா மருந்து மெதுவாத்தான் எறங்குமாம். வியாழக்கிழமைக்குள்ள தீராமப் போயிரும். குளிராமப் பாத்துக்கிடுங்க.” இன்னும் பத்துப் பன்னிரண்டு சொன்னேன். மயினி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். ஆட்டோ கிளம்பின பிறகும் பின்னாலேயே போய், “காத்தடிக்கும், ஜன்னலச் சாத்திருங்க!” என்று கத்தினேன்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு என் போன் அடித்தது. மயினி. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“கோமு, பந்து சுருங்கிட்டுட்டி! முழுசா சுருங்கிட்டு! நாளைக்குன்னு சொன்னீங்க, இன்னைக்கே முடிஞ்சிட்டு.”

“மயினி, என்ன செஞ்சீங்க?”

“நீதான சொன்ன, குளிரக் கூடாதுன்னு. நேத்து ராத்திரிவரைக்கும் பாத்தேன், அது சுருங்கவே இல்ல. குளிர்ல அடச்சிக்கிட்டுன்னு நெனச்சு வெந்நீர்ப் பை வாங்கிட்டு வரச்சொல்லி, நெஞ்சுல அந்த வில்லை இருக்குல்லா, அது மேலயே வச்சிக்கிட்டே இருந்தேன். ஆற ஆற மாத்துனேன். ராத்திரி தூங்கவே இல்ல தெரியுமா?”

முதல் நாளில் பந்து சுருங்கினது கண்ணுக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. பூனையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், அதைச் சொல்லவில்லை. நாற்பத்தாறு மணி நேரத்தில் இறங்க வேண்டியது வெந்நீர்ச் சூட்டில் முப்பது மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

சிஸ்டரிடம் ஓடினேன். அவர் முதலில் டாக்டருக்குப் போன் செய்தார், பிறகு ஆட்டோ அனுப்பினார், படுக்கை போடச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “குளிரப் பத்தி அவங்களோடு ஆரு பறஞ்சது?”

“நாந்தான் சிஸ்டர்.”

படுக்கையைப் பார்க்க உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி நடந்துதான் வந்தார். “என்ன கோமதி, மூஞ்சி செத்துப் போயிருக்கு? சரக்கு சீக்கிரம் வித்துப்போனா சந்தோஷம்லா படணும்?” திருநெல்வேலியிலிருந்து உடனே வந்துவிட்ட டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: மருந்து வேகமாகப் போயிருக்கிறது, உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது, வாயும் வயிறும் ரத்தமும் எப்படிப் போகிறதென்று இங்கே வைத்துப் பார்க்க வேண்டும், பத்து நாள் கவனமாக இருக்க வேண்டும். மயினி அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். “நானே வச்சேனே” என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் சொன்னதத்தான மயினி செஞ்சீங்க” என்றேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், “இப்ப அது வேண்டாம். தினமும் நோட்டு எழுது” என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் வாய் வெந்தது. ஆறாம் நாள் வயிறு போக ஆரம்பித்தது. வெள்ளை அணு இறங்கிக்கொண்டே வந்தது. அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் யாரும் போகக் கூடாது என்றார்கள். காலையில் நான் போய் நிற்பேன். வாயால் பேச முடியாது, விரலால் காட்டுவார். இட்லி எத்தனை என்று கேட்டால் மூடின முஷ்டி. அடுத்த நாளும் முஷ்டி. நோட்டில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, வராந்தாவில் நின்று மலையைப் பார்ப்பேன். மேகம் மூடிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. சிஸ்டர் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. இலத்தூரில் கேஸை அணைத்தேனா என்ற நினைப்பே வரவில்லை. என் ஆயுசில் அப்படி ஒருநாள் அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. ரத்தத்தில் அணு ஏறத் தொடங்கியிருந்தது. இட்லி எத்தனை என்று கேட்டேன். முஷ்டியிலிருந்து ஒரு விரல் எழுந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம்: “சட்னி கொண்டாராத. பாத்தாலே எரியும்.”

நான் வெளியே வந்து அழுதேன்.

உடம்பு தேறினதும் இனி எந்த முறை என்ற பேச்சு வந்தது. மயினி, “பந்து இனி என் வீட்டு வாசல் ஏறக் கூடாது” என்றாள். நானும் கும்பிட்டுக் கேட்டேன், வார்டிலேயே படுத்துவிடுங்கள் அண்ணாச்சி என்று. அவர் கேட்கவில்லை. “அஞ்சு நாள் முறை என் வாயைத் தின்னுட்டு. இங்கன ரெண்டு நாள் படுத்தா சந்தைக்காரன் வேற ஆளப் பாத்துருவான். தப்பு பந்து மேல இல்ல, நீங்க ரெண்டு பொம்பளையளும் பயந்த பயத்துலதான். பந்தே போடுங்க. ஒண்ணே ஒண்ணு, வெவரத்தக் கோமதிதான் சொல்லணும்.”

சிஸ்டர் என்னை மேஜைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். “உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுது.” இருபத்தாறு எழுதினேன். “இப்ப மூணு வச்சுக்கோ.” நான் விழித்தேன். “பூனைய எப்படி சிஸ்டர் விடுறது?” “பூனை வந்தா நம்மள விளிக்கட்டும்.” இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வொன்றையும் அடிக்கும்போது அதனாலேயே யாரோ சாகப்போகிறார்கள் என்று தோன்றியது. கடைசியில் நின்றது இதுதான்:

வில்லை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது.

பந்து இடுப்புப் பையில்தான் இருக்க வேண்டும்.

எது எப்படித் தெரிந்தாலும் நீங்களாக ஒன்றும் செய்யாமல் எங்களைக் கூப்பிட வேண்டும்.

அதோடு முடியவில்லை. “நீ சொன்னாப் போதாது மோளே. அவங்க வாயில இருந்து வரணும்” என்றார் சிஸ்டர். பேர் கேட்கிற சட்டம் எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மயினி என் ‘கூடாது’க்கெல்லாம் தலையாட்டினாளே, அப்போது அவள் காதில் எது நின்றது என்று நான் கேட்கவே இல்லை.

மயினியிடம் மூன்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொன்னாள். அடுத்து அண்ணாச்சி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். “வில்லை தோலோட, ஒரு தரம்! பந்து இடுப்போட, ரெண்டு தரம்! கைய வைக்காம கோமதியக் கூப்பிடணும், மூணு தரம்!” வார்டு முழுக்கச் சிரித்தது. சிஸ்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். இரண்டாவது பந்து நாற்பத்தைந்தரை மணி நேரத்தில் முடிந்தது. அதுவரை எங்களுக்குள் பதினோரு தடவை போன் நடந்தது. ஆறு தடவை மயினி, ஐந்து தடவை நானே கூப்பிட்டு அவள் எடுத்தது.

முத்துலட்சுமி, அதனால் உன் தாளில் பதினைந்து வரியைக் கோடு போட்டு அடித்து அனுப்பியிருக்கிறேன். பதினெட்டும் நிஜந்தான், ஒன்றுகூடத் தப்பில்லை. என்னுடைய இருபத்தாறிலும் தப்பு இல்லை. உன் பதினெட்டையும் வாசித்த ஆளிடம் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பார். பிறகு முடிவு பண்ணு.

அண்ணாச்சிக்கு மொத்தம் பதினேழு பந்து. உள்ளங்கை உரிந்தது, எண்ணெய் தடவிக்கொண்டார். ஒருநாள் கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போகிற வழியில் பாவூர்சத்திரத்தில் இறங்கிச் சந்தைக்குள் போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவே நின்று தக்காளிக்கு விலை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை, நெஞ்சுக்குள் அதிர்ந்தது. எனக்குச் சத்தத்தை ரசிக்கவா தோன்றியது? சட்டைக்கு அடியில் பை சரியாக இருக்கிறதா என்றுதான் எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் என்னைக் கண்டுகொண்டார். விலையை விடாமல் சொல்லிக்கொண்டே, நெஞ்சில் வில்லை ஒட்டின இடத்தை ஒரு விரலால் தொட்டார், இடுப்பைத் தட்டினார், பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், நான் ஒன்றும் செய்யவில்லை தாயே என்பதுபோல.

பதினேழாவதுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நோய் மருந்துக்கு அடங்கவில்லை என்று தெரிந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி, “சரி, சந்தை கலைஞ்சிட்டு” என்றார். மாசியில் ஏலத்தை மச்சினனிடம் விட்டார். பங்குனியில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு மயினி போன் செய்தாள். “கோமு, நீ தினமும் கேப்பியேன்னு சொல்லுதேன். போறதுக்கு நாலு நாள் முந்திவரைக்கும் அவிய ஒரு இட்லி சாப்பிட்டாவ. உறைப்புச் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவ. ஒறைக்கலன்னு என்னைய ஒரு சத்தம் போட்டாவ. தெருவுக்கே கேட்டுச்சு.”

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வலப்பக்கத்தில் வேலாயுதம் என்ற பேருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு எழுதினேன்: ‘ஒரு இட்லி. சட்னி உண்டு.’